அம்மா மலைத் தேரைகளைப் பார்க்க வந்த ஞாயிற்றுக்கிழமை

அம்மாவின் நெஞ்சு எக்ஸ்ரே படத்தில் ஏதோ நிழல் தெரிகிறது என்று டாக்டர் சொன்னது ஒரு வியாழக்கிழமை. செவ்வாய்க்கிழமை மறுபடியும் வரச் சொன்னார். நடுவில் ஞாயிற்றுக்கிழமை நான் வேலை பார்த்த எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையின் ‘பேமிலி டே’. இரண்டு பஸ் வைத்து அசகான் பக்கம் மலையடிவாரத்துக்குப் போய், அருவியில் குளித்துவிட்டு, சாப்பிட்டுவிட்டுத் திரும்புவதாக ஏற்பாடு. ஒரு மாதத்துக்கு முன்பே இரண்டு பேருக்குப் பெயர் கொடுத்திருந்தேன். போகவேண்டாம் என்று சொல்லலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அந்த மூன்று நாளும் வீட்டில் நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சுற்றிக்கொண்டிருந்தோம். வீட்டுக்குள் உட்கார்ந்து செவ்வாய்க்கிழமையை எதிர்பார்ப்பதைவிட, வெளியே போய்விடுவது மேல் என்று தோன்றியது.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபத்து நான்கு வயது. அப்பா இறந்தபிறகு தோட்டத்து லயத்து வீட்டைக் காலி செய்துகொண்டு பட்டணத்துப் பக்கம் புக்கிட் காத்திலில் ஒரு சின்ன வீட்டுக்கு வாடகைக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அம்மா தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலை பார்த்தவள். ரப்பர் பால் மரக் காடாக இருந்தபோதும் சரி, அதை அழித்து எண்ணெய்க்குச் செம்பனை போட்டபிறகும் சரி, முதுகில் தொட்டியைச் சுமந்துகொண்டு புல்லுக்கும் லாலான் களைக்கும் மருந்தடிப்பதுதான் அவளுக்கு வேலை. பதினெட்டு வருஷம். தொட்டி ஒழுகும். முதுகில் ரவிக்கை நனைந்து, தோல் வெந்துபோயிருக்கும். விரல் நகங்கள் இரண்டு முறை விழுந்து, கோணலாக முளைத்திருந்தன. வேலையை விட்டபிறகுதான் இருமல் தொடங்கியது. இளைப்பு அதற்குப் பின்னால் வந்தது.

காலை ஏழு மணிக்குப் புக்கிட் பெருவாங் முச்சந்தியில் பஸ் ஏறினோம். அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து, சேலை முந்தானையை வாயில் பொத்திக்கொண்டாள். பஸ்ஸின் ஏர்கோன் குளிர் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. நான் அவள் இருமலை எண்ணத் தொடங்கினேன். எண்ணக்கூடாது என்று நினைத்துக்கொண்டே எண்ணினேன். ஜாசின் ஊரைத் தாண்டுவதற்குள் பதினொன்று. முன் சீட்டில் இருந்த ஒரு பெண் தன் பிள்ளையை மடிக்கு இழுத்து, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிவைத்தாள். அம்மா அதைப் பார்த்துவிட்டாள். அதன் பிறகு இருமல் வந்தபோதெல்லாம் மூச்சை அடக்கி, கண்ணில் நீர் வரும்வரை பொறுத்துக்கொண்டாள். அதைப் பார்ப்பது இன்னும் மோசமாக இருந்தது.

மலையடிவாரத்தில் இறங்கியதும் எல்லோரும் துண்டையும் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு அருவிக்குப் போய்விட்டார்கள்.

“நீ போ லா. நான் இங்க பஸ்ஸுகிட்டயே உக்காந்துக்கிறேன்” என்றாள் அம்மா.

“வெயில்ல உக்காந்தா தலைவலிக்கும்மா. வாங்க, எங்கயாச்சும் நிழல் பாப்போம்.”

அருவிக்குப் போகும் பாதைக்கு எதிர்ப்புறம் ஒரு தேரையின் படம் வரைந்த பலகை இருந்தது. இந்த மலையின் ஓடைகளில் மட்டும் வாழும் ஒரு தேரை அழிந்துவருவதாகவும், அதை வளர்த்துக் காப்பாற்றும் நிலையம் மேலே இருப்பதாகவும் மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தது. தேரையைப் பார்க்கவேண்டும் என்று எனக்கு ஒன்றும் ஆசையில்லை. படிகளுக்கு மேலே கூரையும், கூரைக்குக் கீழே ஒரு பெஞ்சும் தெரிந்தன. அதற்காகத்தான் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஏறினேன். இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டாள். உதடு லேசாக நீலம் பாய்ந்திருந்ததா, அல்லது எனக்குத்தான் அப்படித் தெரிந்ததா என்று சொல்லத் தெரியவில்லை.

நிலையம் என்பது ஒரு நீளமான சிமெண்டு வீடு. அங்கே இரண்டே பேர். ஒருவர் வயதான மலாய்க்காரர், தொட்டிகளைக் கழுவிப் பார்த்துக்கொள்பவர். இன்னொருவர் பொறுப்பதிகாரி, முப்பத்தைந்து வயதிருக்கும் தமிழ்ப் பெண். பேச்சை வைத்தே யாழ்ப்பாணத்துக் குடும்பம் என்று தெரிந்தது. அன்றைக்கு நாங்கள் மட்டும்தான் பார்வையாளர்கள். எங்களைக் கண்டதில் அவருக்கு மகிழ்ச்சி.

“வாங்கோ, வாங்கோ. முதல்ல கை கழுவவேணும். கொசு மருந்து ஏதும் பூசியிருக்கிறியளோ? மருந்து பட்ட கையோட உள்ள போகக்கூடாது. இதுகள் தோலாலதான் தண்ணி குடிக்கிறது. என்ன பட்டாலும் உள்ள போயிடும்.”

அம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள். இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

“நான் வரலம்மா. பொண்ணு பாக்கட்டும்.”

“ஏன் அக்கா? வெளியால நிண்டு என்ன செய்யப்போறியள்?”

அதிகாரி தன்னை அக்கா என்று கூப்பிட்டது அம்மாவைத் தடுமாறச் செய்தது. தோட்டத்தில் ஆபீஸ் ஆட்கள் யாரும் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை.

“நான் தோட்டத்துல மருந்து அடிச்சவ. கையில ஊறியிருக்கும்.”

“எப்ப விட்டனீங்கள்?”

“ரெண்டு வருஷமாச்சு.”

“அப்ப பயமில்லை. சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாங்கோ. கண்ணாடிக்கு வெளியால நிண்டுதானே பாக்கப்போறம்.”

அம்மா கழுவினாள். நான் தொழிற்சாலையில் தூசு நுழையாத சுத்த அறைக்குள் போகும்முன் கழுவுவதைவிட நீண்ட நேரம் கழுவினாள். விரலிடுக்கு, நகக்கண், முழங்கை. பிறகும் கையை முந்தானைக்குள்ளேயே வைத்துக்கொண்டுதான் உள்ளே வந்தாள்.

கண்ணாடிக்கு அப்பால் ஒரு குளிரறை. அதில் ஆறு தொட்டிகள். ஒவ்வொன்றிலும் கறுப்பு உளுந்தை இறைத்தது போலத் தலைப்பிரட்டைகள் கற்களில் ஒட்டிக்கொண்டிருந்தன. வளர்ந்த தேரைகள் வேறொரு பெட்டியில். என் பெருவிரல் அளவுகூட இல்லை. பழுப்பு முதுகில் ஆரஞ்சுப் புள்ளிகள். முன்பெல்லாம் ஓடை நெடுகக் கீழே செம்பனைத் தோட்டம்வரை இவை இருந்தன என்றார் அதிகாரி. இப்போது மேலே, காட்டுக்குள் இருக்கும் இரண்டு ஓடைகளில் மட்டும்தான்.

“கீழ என்ன ஆச்சு?” என்றாள் அம்மா.

அதிகாரி கொஞ்சம் தயங்கினார். “பல காரணம் இருக்கு அக்கா. மரம் வெட்டினது, தண்ணி சூடானது. தோட்டத்து மருந்தும் ஒரு காரணம். மழை பெய்தா எல்லாம் ஓடைக்குத்தானே வருது.”

அம்மா கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

“தோல் வழியா உள்ள போறது தேரைக்கு மட்டுந்தானா? ஆளுங்களுக்குமா?”

அந்த மூன்று நாளில் எக்ஸ்ரேயைப் பற்றி அம்மா வாயைத் திறந்ததே இல்லை. முதல் தடவை கேட்கிறாள், அதுவும் முன்பின் தெரியாத ஒருவரிடம். அதிகாரி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

“ஆக்களுக்கு இவ்வளவு இல்லை. ஆனா போகும்” என்றார் அவர்.

அம்மா தலையை ஆட்டிக்கொண்டாள்.

அப்போதுதான் மழை பிடித்தது. மலை மழை, ஒரே கொட்டாகக் கொட்டியது. பத்து நிமிஷத்தில் பக்கத்தில் எங்கோ இடி விழுந்தது. விளக்கு அணைந்தது. குளிரறையில் இரைந்துகொண்டிருந்த மோட்டார் நின்றது. தொட்டிகளில் மேலே வந்துகொண்டிருந்த காற்றுக் குமிழ்களும் நின்றுபோயின.

மலாய்க்காரர் பின்பக்கம் ஓடினார். ஜெனரேட்டரின் கயிற்றை அவர் இழுப்பதும், அது செருமி நிற்பதும் கேட்டது. திரும்பத் திரும்பக் கேட்டது. அதிகாரி தொட்டிகளிடம் ஓடினார்.

“குளிரும் காத்தும் இல்லாட்டி இதுகள் தாங்காது. ஓடைத் தண்ணியும் எடுக்கேலாது, இந்த மழைக்கு எல்லாம் சேறாயிருக்கும்.” ஒரு குவளையை எடுத்து, முதல் தொட்டியில் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றத் தொடங்கினார். அப்படி ஊற்றினால் தண்ணீரில் காற்று சேருமாம். ஒரு கையால் ஊற்றிக்கொண்டே, “ஐஸ் இருந்தா நல்லா இருக்கும்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

“எங்க பஸ்ஸுல இருக்கு. குளிர்பானப் பெட்டியில” என்றேன்.

அவர் பதில் சொல்வதற்குள் நான் மழையில் இறங்கிவிட்டேன். படிகளில் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. ஒரு இடத்தில் வழுக்கி விழுந்து முட்டி சிராய்த்தது. அருவிக்குப் போனவர்கள் எல்லாம் நனைந்து பஸ்ஸுக்குத் திரும்பியிருந்தார்கள். பயணத்துக்குப் பொறுப்பான எங்கள் சூப்பர்வைசர் பஸ் வாசலில் நின்று ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.

“எங்க உன் அம்மா? ஆத்துல தண்ணி ஏறுதுன்னு டிரைவர் சொல்றாரு. அரைமணி நேரத்துல கிளம்பணும்.”

விஷயத்தைச் சொன்னேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“தவளைக்கா ஐஸ்? உனக்குப் பைத்தியமா லா? எடுத்துட்டுப் போ. ஆனா அரைமணி. நாப்பது பேரு பிள்ளைகுட்டியோட இருக்காங்க. அதுக்கு மேல நான் நிக்கமுடியாது. நாளைக்கு உனக்குக் காலை ஷிப்ட், அதையும் ஞாபகம் வச்சுக்க.”

அவள்மேல் எனக்கு இன்றும் கோபமில்லை. ஐஸ் கட்டிகளைப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு மறுபடி ஏறினேன். அம்மாவை மழையில் எப்படி இறக்கப்போகிறேன், இறக்காவிட்டால் எப்படி வீட்டுக்குப் போவோம், நனைந்தால் இருமல் என்ன ஆகும், செவ்வாய்க்கிழமை டாக்டர் என்ன சொல்வார் என்று ஏதேதோ ஓடியது. பெட்டியின் கைப்பிடி உள்ளங்கையை அறுத்தது.

நான் உள்ளே போனபோது அதிகாரி ஆறு தொட்டிகளுக்கும் தனியாக ஓடிக்கொண்டிருந்தார். அம்மா குளிரறை வாசலில் சுவரோடு சுவராக நின்றிருந்தாள்.

“அக்கா, ஒரு கை பிடியுங்கோ. கெஞ்சிக் கேக்கிறன்.”

“வேணாம்மா. என் கையால ஒண்ணு செத்துப்போச்சுன்னா?”

“ஒருத்தரும் கை வைக்காட்டி எல்லாம்தான் சாகப்போகுது.”

அதிகாரி ஓடிப்போய் அலமாரியைத் திறந்து, நீளமான ரப்பர் கையுறை ஒரு ஜோடியைக் கொண்டுவந்தார். புத்தம் புதியது. உறை பிரிக்கவில்லை. முழங்கைவரை வரும். அம்மா அதை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். அவ்வளவு அவசரத்திலும் பார்த்தாள்.

“பதினெட்டு வருஷத்துல எனக்கு இந்த மாதிரி ஒண்ணு யாரும் குடுத்ததில்ல” என்றாள். குறையாகச் சொல்லவில்லை. விலைச் சீட்டைப் படிப்பது போலச் சொன்னாள்.

ஒரு நகத்தளவு கம்ப்யூட்டர் சில்லில் என் வியர்வை பட்டுவிடக்கூடாது என்று தொழிற்சாலையில் எனக்கு நாளைக்கு இரண்டு ஜோடி கையுறை தருகிறார்கள்.

அம்மா கையுறையை மாட்டிக்கொண்டு ஜன்னலோரம் இருந்த இரண்டு தொட்டிகளுக்கு நடுவில் போய் நின்றாள். அதிகாரிக்கு இரண்டு, எனக்கு இரண்டு. ஐஸைப் பிளாஸ்டிக் பைகளில் இறுகக் கட்டி, பைகளைக் கழுவி, தண்ணீரில் மிதக்கவிட்டோம். பிறகு மொண்டு ஊற்றினோம். எனக்குப் பத்தே நிமிஷத்தில் தோள் கழன்றுவிடும் போலாகிவிட்டது. குவளை தொட்டி விளிம்பில் இடித்தது. அம்மாவிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. இந்தக் கையால் பம்பு அடித்துக்கொண்டே நாள் முழுக்க நடந்தவள். ஒரே அளவாக மொண்டாள், ஒரே உயரத்திலிருந்து ஊற்றினாள். இருமல் வந்தபோது மட்டும் முகத்தைத் தொட்டிக்கு எதிர்ப்புறம் திருப்பி, தோளில் வாயைப் புதைத்து இருமிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

கீழே பஸ் ஹாரன் கேட்டது. ஒரு முறை. பிறகு நீளமாக இரண்டு முறை.

“நீ போ” என்றாள் அம்மா என்னைப் பார்க்காமலே. “நான் வர முடியாது. இப்ப விட்டுட்டு வந்தா இது செத்துடும்.”

“உங்கள விட்டுட்டு நான் எப்படிம்மா போறது?”

“உங்கள நான் கொண்டுபோய் விடுறன்” என்றார் அதிகாரி. “என்ர வாகனம் பின்னால நிக்குது.”

ஹாரன் இன்னொரு தடவை கேட்டது. பிறகு மழைச் சத்தம் மட்டும்தான். பஸ் போய்விட்டது. தெரியாத மலை, தெரியாத ஆள், அம்மாவின் மத்தியான மாத்திரை பஸ்ஸில் வைத்த பையில். அதை அவளிடம் சொல்லவில்லை. நாளைக்குக் காலை ஏழு மணி ஷிப்டுக்குப் போகமுடியாவிட்டால் என்ன சொல்வது என்று ஒரு பக்கம் மனம் ஓடியது. கை மட்டும் மொண்டு ஊற்றியது.

எவ்வளவு நேரம் என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. இரண்டு மணி நேரத்துக்குமேல் இருக்கும். ஐஸ் எல்லாம் தண்ணீராகி, பைகள் தொளதொளவென்று மிதந்தன. அதிகாரி தொட்டிக்குத் தொட்டி வெப்பமானியை விட்டுப் பார்த்து, எண்ணைச் சொல்லாமல் உதட்டைக் கடித்துக்கொண்டார். ஒரு கட்டத்தில் அம்மாவுக்கு இளைப்பு ஏறி, மூச்சு விசில் போல வரத் தொடங்கியது.

“உக்காருங்கம்மா, போதும்!” என்று நான் கத்தினேன். கத்தினபிறகுதான் அழுகை வந்தது. அம்மா குவளையை வைக்கவில்லை. ஒரு முக்காலியைக் காலால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்தபடியே ஊற்றினாள்.

கடைசியில் ஜெனரேட்டர்தான் வந்தது, மின்சாரம் வரவில்லை. மலாய்க்காரர் ஏதோ ஒரு குழாயைக் கழற்றி, ஊதி, மாட்டி எப்படியோ கிளப்பிவிட்டார். மோட்டார் உறுமியது. குமிழ்கள் ஒவ்வொரு தொட்டியாக மேலே வந்தன. அவர் கைநிறைய எண்ணெயோடு வாசலில் வந்து நின்று, “சுடா, கக், சுடா” என்றார் மலாயில். போதும் அக்கா, முடிந்தது என்று. அம்மாவுக்கு அப்போதும் குவளையைக் கீழே வைக்க மனம் வரவில்லை. நான்தான் வாங்கி வைத்தேன்.

அதிகாரி ஒவ்வொரு தொட்டியாகக் குனிந்து பார்த்தார். ஐந்து தொட்டிகளில் தொட்டிக்கு ஒன்றிரண்டுதான் செத்து மிதந்தன. ஆறாவது, ஜன்னலை ஒட்டியிருந்த தொட்டியில், ஏழு. அது அம்மாவின் இரண்டு தொட்டிகளில் ஒன்று.

அம்மா எண்ணிப் பார்த்தாள். கையுறையைக் கழற்றி மடித்து மேசைமேல் வைத்தாள். பிறகு கோணல் நகங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இறங்கும்போது மழை விட்டிருந்தது. மத்தியானம் கடந்திருந்தது. அதிகாரியின் பழைய ஜீப்பில் அம்மா முன்னால் உட்கார்ந்தாள், நான் பின்னால். அசகான் கடைத்தெருவைத் தாண்டினோம்.

“நான் கை வச்சதுலதானே அவ்வளவும் போச்சு?” என்றாள் அம்மா.

அதிகாரி வண்டியை ஓரமாக நிறுத்தினார். அவர் ஏதாவது ஆறுதல் சொல்லிவிடுவார் என்று நான் காத்திருந்தேன். சொல்லிவிடவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

“அக்கா, அந்தத் தொட்டி ஜன்னலுக்குக் கிட்ட. சூடு அங்கதான் முதல்ல ஏறும். அதில இருந்ததுகள் போன கிழமையே சோர்ந்துதான் இருந்தது. உங்கட கையால எண்டு நான் நம்பேல்லை. ஆனா எதால எண்டு எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியும் எண்டு சொல்லமாட்டன்.”

அம்மா அதைக் கேட்டுக்கொண்டாள். “மத்ததெல்லாம் பிழைக்குமா?”

“பிழைக்கும். நீங்கள் விட்டுட்டுப் போயிருந்தா அந்த ரெண்டு தொட்டியும் முழுசாப் போயிருக்கும்.”

புக்கிட் காத்திலில் எங்களை இறக்கிவிட்டு, என்னிடம் முகவரி வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் நான் ஷிப்டுக்குப் போனேன். சூப்பர்வைசர் எங்கள் பையைப் பத்திரமாக வைத்திருந்து கொடுத்தாள். “உன் அம்மாவுக்கு எப்படியிருக்கு?” என்று கேட்டாள். நான் நன்றாக இருக்கிறாள் என்றேன். அன்றைக்கு அம்மா படுக்கையைவிட்டு எழுந்திருக்கவே இல்லை.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் வேறு டாக்டர் இருந்தார், இளம் மலாய்க்காரப் பெண். என்ன வேலை பார்த்தீர்கள் என்று வழக்கம்போலக் கேட்டார். இதற்கு முன்பெல்லாம் அம்மா, “தோட்ட வேலை” என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வாள். அன்றைக்கு அப்படிச் செய்யவில்லை. தெரிந்த மலாயில், தெரியாத இடத்தில் தமிழைப் போட்டு, நான் இடையிடையே எடுத்துச் சொல்ல, எல்லாவற்றையும் சொன்னாள். பதினெட்டு வருஷம் மருந்தடித்ததை. தொட்டி ஒழுகியதை. நீல நிற மருந்து எது, வெள்ளை மருந்து எது, எந்த மருந்தில் மூக்கில் ரத்தம் வரும் என்பதை. முதுகைத் திருப்பிக் காட்டினாள். கையை மேசைமேல் விரித்துவைத்தாள். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு, நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டு, அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தார்.

“இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை?” என்று என்னிடம் கேட்டார். அம்மா சொல்வதை யாரும் இதற்கு முன் இவ்வளவு நேரம் கேட்டதில்லை என்று சொல்லியிருக்கலாம். நானும் கேட்டதில்லை.

காசநோயா, கட்டியா என்று மூன்று வாரம் பரிசோதனை செய்தார்கள். அந்த மூன்று வாரத்தில் நான் சரியாகச் சாப்பிட்ட ஞாபகமே இல்லை. இரண்டும் இல்லை என்றார்கள். நுரையீரல் அங்கங்கே வெந்து தழும்பாகியிருக்கிறது. ஆறாது, ஆனால் மருந்தும் கவனமும் இருந்தால் இழுத்துப் பிடிக்கலாம். அந்தப் பதிலைக் கேட்டு நிம்மதியடைவதா, பயப்படுவதா என்று எனக்குத் தெரியவில்லை. அம்மா மட்டும், “தழும்புதானே” என்றாள். அதன் பிறகு பன்னிரண்டு வருஷம் இருந்தாள்.

நான்கைந்து மாதம் கழித்து மலையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அன்றைக்குப் பிழைத்தவை கால் முளைத்துத் தேரைகளாகிவிட்டன என்றும், அவற்றைக் கொண்டுபோய் ஓடையில் விட்டாகிவிட்டது என்றும் அதிகாரி எழுதியிருந்தார். அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கடிதத்தை வாங்கி, எழுத்தைப் படிக்கத் தெரியாவிட்டாலும், ஒரு நிமிஷம் கையில் வைத்திருந்தாள்.

“எந்த ஓடையில விட்டாங்களாம்? மேலயா, தோட்டத்துப் பக்கமா?”

நான் இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். அதில் அது எழுதியிருக்கவில்லை. அம்மா அடுத்தநாளும் கேட்டாள், அதற்கு அடுத்தநாளும் கேட்டாள். பொறுக்கமுடியாமல் ஒரு கடிதம் எழுதிப் போட்டேன். மூன்று வாரம் கழித்து ஒரு தபால் அட்டை வந்தது. மேல் ஓடையில்தான், தோட்டத்துக்கு வெகு மேலே, மனிதர்கள் போகாத இடத்தில், என்று இருந்தது.

அம்மா அப்போது வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். படித்துச் சொன்னேன். “சரி” என்றாள். கையிலிருந்த கீரையை ஆய்ந்து முடித்துவிட்டு, “அங்கயே இருக்கட்டும். கீழ வரவேணாம்” என்றாள்.